எஞ்சினின் மூச்சும் உடையவனின் ஆசையும்

ஒரு பொருளைப் புதிதாக வாங்கியவனுக்கு அப்பொருள் உள்ளபடியே போதுமானதாக இருப்பது சில மாதங்கள் மட்டுமே. வீடு வாங்கியவன் விறாந்தையை நீட்ட நினைக்கிறான். வானொலிப் பெட்டி வாங்கியவன் இன்னும் உரத்துப் பாடும் ஒலிபெருக்கியைத் தேடுகிறான். அமெரிக்காவிலே ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் வாங்கியவனோ, "கேம் ஷாப்ட்டை மாற்றினால் என்ன?" என்று கேட்கத் தொடங்குகிறான். இவ்வாரம் நாம் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிளைத் தொட்டும் பாராத வாசகர்கள் இதனைத் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை. ஆசையை அளந்து பார்க்கும் கணக்கொன்று இதனுள்ளே இருக்கிறது.

மேனாட்டுத் திரைப்படங்களைப் பார்த்தோருக்கு அவ்வண்டியின் தோற்றம் பழக்கமானதே. தாழ்ந்த இருக்கை, அகன்ற கைபிடி, முன்னோக்கி நீட்டிய கால்கள், மார்பிலே மோதுவது போன்ற முழக்கம். இவ்வகை வண்டியைக் 'குரூசர்' என்பர். பந்தயத்தில் முந்துவதற்காக அன்றி, பரந்த நாட்டின் நீண்ட சாலைகளில் அவசரமின்றிப் பிரயாணம் செய்வதற்காகப் பிறந்தது அது. மில்வாக்கி நகரில் 1903-ஆம் ஆண்டில் தொடங்கிய ஹார்லி டேவிட்சன் கம்பெனியின் பெரிய வண்டிகள் மிகப் பல இவ்வினத்தைச் சேர்ந்தவை.

அவற்றின் எஞ்சினில் இரண்டு பெரிய சிலிண்டர்கள் 45 பாகைக் கோணத்தில் ஆங்கில 'வி' எழுத்தைப்போல் நிற்கும். இரண்டு பிஸ்டன்களும் கிராங்க் ஷாப்ட்டின் ஒரே முளையைப் பற்றியிருப்பதால் வெடிப்புகள் சம இடைவெளியில் நிகழ்வதில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 315 பாகை, அதன்பின் 405 பாகை என மாறி மாறி வரும். நொண்டி நடப்பது போன்ற அந்தப் புகழ்பெற்ற தாளத்திற்குக் காரணம் இதுவே. கேம் ஷாப்ட் அத்தாளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், தோற்றுவிப்பதில்லை. ஓசைக்காகக் கேம் மாற்ற விழைவோர் முதலில் இதனை அறிந்துகொள்ளுதல் நன்று.

கதவு காப்போன்

எஞ்சின் மூச்சு விடும் ஒரு பொருள். பெற்றோல் கலந்த காற்றை உள்ளிழுத்து, நெருக்கி, எரித்து, எஞ்சிய புகையை வெளியே தள்ளுகிறது. உள்ளே வரும் வழிக்கு ஒரு வால்வு, வெளியே போகும் வழிக்கு ஒரு வால்வு. இவ்விரு கதவுகளையும் உரிய வேளையில் திறந்து மூடும் காவற்காரனே கேம் ஷாப்ட். உருண்டையான இரும்புத் தண்டொன்றில் முட்டை வடிவான புடைப்புகள் இருப்பதாக மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். தண்டு சுழலுகையில் புடைப்பு மேலெழுந்து ஒரு கோலைத் தள்ளுகிறது. கோல் ஒரு நெம்பை அசைக்கிறது. நெம்பு வால்வைத் திறக்கிறது. புடைப்பு கடந்ததும் வலிய சுருள்வில் வால்வை மீண்டும் மூடிவிடுகிறது.

மேற்சொன்ன நான்கு செயல்களும் முடிவதற்குள் கிராங்க் ஷாப்ட் இருமுறை சுழலும். கேம் ஷாப்ட் ஒருமுறை சுழலும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்பொழுது ஒவ்வொரு வால்வும் ஒரு செக்கனில் 25 தடவை திறந்து மூடுகிறது. இத்தனை விரைவில் நடப்பதாயினும் வேளை தவறக்கூடாது.

வேளை தவறினால் யாது நிகழும் என்பதற்கு அக்கம்பெனியின் சரித்திரத்திலேயே சான்று உண்டு. 1909-ஆம் ஆண்டில் அது தனது முதலாவது இரட்டைச் சிலிண்டர் வி-எஞ்சினை வெளியிட்டது. அதன் உள்ளெடுப்பு வால்வைத் திறக்கக் கேம் இருக்கவில்லை. பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சுதலே மெல்லிய சுருள்வில்லை வென்று வால்வைத் திறக்கவேண்டும். ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்கு ஒருவாறு போதுமாயிருந்த அந்த ஏற்பாடு இரட்டைச் சிலிண்டருக்குப் பொருந்தவில்லை. மிகச் சில வண்டிகளே செய்யப்பட்டு, அவ்வெஞ்சின் கைவிடப்பட்டது. 1911-ஆம் ஆண்டில், உள்ளெடுப்பு வால்வையும் இயந்திர முறையாலேயே திறக்கும் ஏற்பாட்டுடன் அது திரும்பி வந்தது. இன்றளவும் அவ்வமைப்பின் வழித்தோன்றல்களே ஓடிக்கொண்டிருக்கின்றன. காவற்காரனை நியமித்த பின்னரே வீடு ஒழுங்குக்கு வந்தது என்க.

அதன்பின் காவற்காரரின் எண்ணிக்கை பலமுறை மாறியது. 1936-ஆம் ஆண்டின் பெரிய எஞ்சினுக்கு ஒரு கேம் ஷாப்ட். 1957-இல் வந்த ஸ்போர்ட்ஸ்டருக்கு வால்வுக்கு ஒன்றாக நான்கு. 1999-ஆம் ஆண்டு வண்டிகளில் வந்த 'டுவின் கேம்' எஞ்சினுக்கு, பெயருக்கேற்ப இரண்டு. 2017-ஆம் ஆண்டு வண்டிகளில் வந்த 'மில்வாக்கி எய்ட்' எஞ்சினுக்கு வால்வுகள் எட்டாக உயர்ந்தும், கேம் ஷாப்ட் மீண்டும் ஒன்றாயிற்று. எனவே எண்ணிக்கை பெரிதன்று, வேளையே பெரிது.

கோயில் வாசற் கூட்டம்

பிஸ்டன் அடியை அடைந்த அக்கணமே உள்ளெடுப்பு வால்வை மூடிவிடலாமே என்று மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. தேர்த் திருவிழா நாளில் கோயில் வாசலை நினைத்துப் பாருங்கள். கூட்டம் விரைந்து நெருக்கிக்கொண்டு உட்புகும் வேளையில், உள்ளே இடம் நிரம்பிய பின்னரும் கதவைச் சற்று நேரம் திறந்துவைத்தால், வந்த வேகத்திலேயே இன்னும் பத்துப் பேர் உள்ளே வந்துவிடுவர். ஆனால் கூட்டம் மெல்ல வரும் வேளையில் அவ்வாறு திறந்துவைத்தால், உள்ளே நின்றவர்களே நெருக்கம் தாளாமல் வெளியே வந்துவிடுவர்.

காற்றின் இயல்பும் இதுவே. எஞ்சின் விரைந்து ஓடும்பொழுது குழாயில் வரும் காற்றுக்கு வேகம் மிகுதி. பிஸ்டன் மேலெழத் தொடங்கிய பின்னரும் அது தொடர்ந்து உட்புகும். ஆகவே வால்வைத் தாமதித்து மூடுதல் இலாபம். எஞ்சின் மெல்ல ஓடும்பொழுதோ, மேலெழும் பிஸ்டன் உள்ளிழுத்த காற்றின் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். தாமதம் அப்போது நட்டம். 230 பாகை நேரம் திறந்திருக்கும் ஒரு வால்வு, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஒரு செக்கனின் ஆயிரத்தில் 15 பங்கு நேரம் திறந்திருக்கிறது. 5,000 சுற்றிலோ 8 பங்குக்கும் குறைவு. பாகை ஒன்றே, காற்றுக்குக் கிடைக்கும் அவகாசம் பாதி. இரு வேகங்களுக்கும் ஒருங்கே பொருந்தும் புடைப்பு, வடிவம் மாறாத கேமில் இல்லை. ஒரு முனையில் பெறுவதற்கு மறு முனையில் விலை கொடுத்தே ஆகவேண்டும்.

கேம் விற்போர் 'பெரிய கேம்' என்று சொல்வது, வால்வை அதிக உயரம் தூக்கி, அதிக நேரம் திறந்துவைத்து, தாமதித்து மூடும் கேமையே. பெயரிலே பெருமை இருப்பதால் வாலிபர் அதனையே நாடுகின்றனர். சிறியதைக் கேட்டு வாங்குவதற்கு எவருக்கும் மனம் வருவதில்லை அன்றோ!

இரு எண்களின் கதை

முறுக்கு விசை என்பது சில்லைத் திருப்பும் பலம். குதிரைவலு என்பது அப்பலம் எத்தனை விரைவாக வேலை செய்கிறது என்பதன் அளவு. முறுக்கு விசையை இறாத்தல்-அடியில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கி, 5,252 ஆல் வகுத்தால் குதிரைவலு கிடைக்கும். இச்சிறு கணக்கை மாணவர் தாமே செய்து பார்க்கலாம்.

உதாரணத்துக்காக நாமே இரண்டு கேம்களைக் கற்பனை செய்வோம். சிறிய கேம் 2,500 சுற்றில் 90 இறாத்தல்-அடியும், 5,000 சுற்றில் 70 இறாத்தல்-அடியும் தருவதாகக் கொள்வோம். பெரிய கேம் 2,500 சுற்றில் 78-உம், 5,000 சுற்றில் 84-உம் தரட்டும். கணக்கிட்டால், 5,000 சுற்றில் சிறியது ஏறக்குறைய 67 குதிரைவலு, பெரியது 80. விளம்பரத்தில் அச்சாவது இந்த எண்பதே. ஆனால் 2,500 சுற்றில் சிறியது ஏறக்குறைய 43 குதிரைவலு. பெரியது 37 மட்டுமே. இந்த எண்ணை எவரும் அச்சிடுவதில்லை.

இப்பொழுது கேட்போம்: வண்டி எந்த வேகத்தில் ஓடுகிறது? குரூசர் வண்டி தன் ஆயுளின் பெரும்பகுதியை 2,000-க்கும் 3,500-க்கும் இடைப்பட்ட சுற்றுகளிலேயே கழிக்கிறது. 5,000 சுற்றை அது காண்பது எப்போதாவது ஒரு நாள். அதுவும் சில செக்கன். அச்சில செக்கன்களுக்காக நாள்தோறும் ஆறு குதிரைவலுவை இழப்பவன், காசு கொடுத்து வண்டியைப் பலவீனமாக்கிக்கொள்கிறான். எனவே, "எந்தக் கேம் நல்லது?" என்ற கேள்விக்கு விடை இல்லை. "நான் எந்த வேகத்தில் ஓடுகிறேன்?" என்ற கேள்விக்கே விடை உண்டு. அவ்விடை கடையில் இல்லை, கேட்பவனிடமே இருக்கிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவதாக, ஒரு மாத காலம் தன் ஓட்டத்தைத் தானே கவனித்துக் குறித்துவைத்தல் வேண்டும். தனியே செல்வது எத்தனை நாள்? மனைவியைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு மூட்டை முடிச்சுடன் செல்வது எத்தனை நாள்? சுற்றுமானி பெரும்பாலும் எங்கே நிற்கிறது? நண்பர் முன்னிலையில் ஓடுவதுபோல் அன்றி, வழக்கம்போல் ஓடிக் குறித்தல் அவசியம். இங்கே பொய்யெழுதினால் ஏமாறுபவன் எழுதுபவனே.

இரண்டாவதாக, எஞ்சினின் நெருக்கல் விகிதத்தை அறிதல் வேண்டும். உள்ளெடுப்பு வால்வு மூடிய பின்னரே உண்மையான நெருக்கல் தொடங்குகிறது. வால்வு தாமதித்து மூடினால் நெருக்கப்படும் காற்றும் குறையும். ஆதலால் பெரிய கேமுக்கு உயர்ந்த நெருக்கல் விகிதம் துணையாக வேண்டும். 2007-ஆம் ஆண்டு வண்டிகளில் வந்த 96 கன அங்குல டுவின் கேம் எஞ்சினின் விகிதம் 9.2-க்கு 1. 107 கன அங்குல மில்வாக்கி எய்ட் எஞ்சினின் விகிதம் 10-க்கு 1. முன்னதை அப்படியே வைத்துக்கொண்டு கேமை மட்டும் மாற்ற விரும்புவோன், பிஸ்டன் அடியைக் கடந்தபின் 30 முதல் 40 பாகைக்குள் உள்ளெடுப்பு வால்வை மூடும் கேமையே நாடுதல் தகும். அட்டவணையில் எத்தனையோ எண்கள் இருப்பினும் முதலிற் பார்க்கவேண்டியது இந்த ஓர் எண்ணையே.

எண்களை ஒப்பிடும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வால்வு எப்போது 'திறந்தது' என்று கொள்வது? ஹார்லிக் கேம்களுக்கு வழக்கமாக, கோல் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 53 பங்கு உயர்ந்த நிலையிலிருந்து பாகையை எண்ணுவர். வேறோர் உயரத்திலிருந்து எண்ணிய கேமை இதனோடு ஒப்பிடுவது, முழத்தையும் அடியையும் ஒன்றாக எண்ணுவது போலாம்.

மூன்றாவதாக, செலவை முழுமையாகக் கணக்கிடுதல் வேண்டும். கேமின் விலை தொடக்கம் மட்டுமே. வால்வை மிக உயரத் தூக்கும் கேமுக்குப் பழைய சுருள்வில் இடங்கொடாது. கம்பிச் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிவிடும். அப்படியானால் சிலிண்டர்த் தலையைக் கழற்றி வேலை செய்ய நேரும். மிகச் செங்குத்தாக எழும் புடைப்பு வால்வை விரைந்து திறக்கும்; ஆனால் கோலும் நெம்பும் தட்டும் ஓசை எழும்; உறுப்புகளின் தேய்வும் கூடும். மிதமான உயரமும் மிருதுவான சரிவும் உடைய கேமோ பழைய சுருள்வில்லுடனேயே நெடுங்காலம் அமைதியாக ஓடும்.

கேம் அறையைத் திறந்த சமயத்தில் செய்யவேண்டிய சில காரியங்களும் உள. உட்புறத் தாங்கிகளைப் புதிதாக மாற்றிவிடுதல் அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் வழக்கம். 1999 முதல் 2006 வரையிலான டுவின் கேம் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில், கேம்களை ஓட்டும் சங்கிலியைச் சுருள்வில்லினால் அழுத்தும் தேய்பட்டைகள் இருந்தன. அவை தேய்ந்து, துகள்கள் எண்ணெயிற் கலந்து, எண்ணெய்ப் பம்பைக் கெடுப்பதுண்டு. பின்னர் எண்ணெயின் அழுத்தத்தாலேயே இயங்கும் ஏற்பாடு வந்தது. பழைய வண்டியை உடையவன் புதிய கேமைப் பற்றிக் கனவு காண்பதற்குமுன் இந்தத் தேய்பட்டையைத் திறந்து பார்த்தல் கடமை. புதிய கேம் தருவது உல்லாசம். தேய்ந்த பட்டையை மாற்றுவது எஞ்சினின் உயிர். காசு ஒன்றுக்கே போதுமெனில் எதற்குச் செலவிடுவது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

நான்காவதாக, மூச்சுப் பாதை முழுவதையும் ஒன்றாக நோக்குதல் வேண்டும். காற்று வடியும் புகைக்குழாயும் அடைத்துக்கொண்டிருக்கக் கேமை மட்டும் மாற்றுவது, மூக்கடைப்புள்ளவனை ஓடப் பழக்குவது போன்றதே. இவற்றில் எதனை மாற்றினாலும் பெற்றோலின் அளவையும் பொறியின் வேளையையும் புதிதாக ஒழுங்குசெய்யவேண்டும். எஞ்சினின் வலுவை அளக்கும் டைனமோமீற்றரில் ஏற்றி, ஒழுங்கு செய்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வரைந்த கோடுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அங்கும் கோட்டின் உச்சியைப் பார்த்து மயங்காமல், தான் ஓடும் வேகத்தில் கோடு எங்கே நிற்கிறது என்பதையே பார்க்க.

சட்டத்தையும் மறத்தலாகாது. அமெரிக்காவில் வண்டியின் புகையைக் கட்டுப்படுத்தும் அமைப்பைக் குலைத்தல் தூய காற்றுச் சட்டத்துக்கு முரணானது. அளவுக்கு மீறிய புகைக்கு இடமளிக்கும் ஒழுங்குபடுத்தும் கருவிகளை விற்றதாக எழுந்த வழக்கில், 2016-ஆம் ஆண்டில் ஹார்லி டேவிட்சன் கம்பெனியே, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், 12 மில்லியன் டொலர் செலுத்தவும் அவ்விற்பனையை நிறுத்தவும் இணங்கியது. பெரிய கம்பெனிக்கே இந்நிலையெனில், தனியொருவன் தன் மாநிலத்தில் எது அனுமதிக்கப்பட்டது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுதல் புத்திசாலித்தனம்.

மலைச்சாலையில் ஒரு கணம்

தென் டகோட்டாவிலுள்ள ஸ்டர்ஜிஸ் என்னும் சிற்றூரில் 1938 முதல் மோட்டார் சைக்கிள் விழா நடந்துவருகிறது. பல மாநிலங்களிலிருந்தும் வண்டிகள் வந்து குவியும். அத்தகைய கூட்டத்தில் "எத்தனை குதிரைவலு?" என்று கேட்பவர் அநேகர். எண்பது என்பவன் மார்பை நிமிர்த்துவான். அறுபத்தேழு என்பவன் பேச்சை மாற்றுவான். ஆனால் விழா முடிந்ததும் இருவரும் வீடு திரும்பவேண்டும் அல்லவா?

அவ்விருவரும் கொலராடோவின் மலைச்சாலையொன்றில் ஏறுவதாக எண்ணுங்கள். ஒவ்வொருவருக்கும் பின்னால் மனைவி. இரு பக்கமும் பயணப் பைகள். பத்தாயிரம் அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஏறக்குறைய 70 வீதமே. எஞ்சினுக்கு மூச்சு முன்னமே குறைவு. முன்னே ஒரு லொறி ஊர்ந்து செல்கிறது. சாலை சிறிது தூரம் நேராகத் தெரிகிறது. எதிரே எவரும் இல்லை. சுற்றுமானி 2,500-இல் நிற்கிறது. இங்கே சிறிய கேமை உடையவன் கைபிடியைத் திருப்புகிறான். வண்டி எழுந்து செல்கிறது. பெரிய கேமை உடையவனோ கியரைக் குறைத்து, எஞ்சினை அலறவைத்து, அது தன் விருப்பமான சுற்றுக்கு ஏறும்வரை காத்திருக்கவேண்டும். காத்திருப்பது சில கணங்களே. ஆனால் எதிர்ப்பக்கத் தடத்தில், பின்னிருக்கையில் ஒருத்தி தோளைப் பற்றிக்கொண்டிருக்கையில், அக்கணங்கள் மிக நீண்டவை. விழாவிற் சொன்ன எண்பது அவ்விடத்தில் உதவிக்கு வருவதில்லை.

பந்தய ஓட்டக்காரனுக்குப் பெரிய கேமே தக்கது. அவன் 5,000 சுற்றுக்குக் கீழே இறங்குவதில்லை. அவனுக்கு அது குறைவன்று. மற்றவனுக்கு இது பெருமையன்று. தன் வாழ்க்கை எந்த வேகத்தில் நடக்கிறது என்பதை அறிந்தவன், கடைக்காரனின் பட்டியலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்பதையும் அறிவான். அறியாதவனுக்கு மிகப் பெரியதும் சிறியதே.

ஆதலால், கேம் மாற்ற விழையும் அன்பர் முதலில் வாங்கவேண்டியது ஒரு பென்சிலும் ஒரு குறிப்புப் புத்தகமும். ஒரு மாதம் எழுதிப் பார்க்கட்டும். சிலருக்கு மிதமான ஒரு கேம் போதுமென்று தெரியவரும். வேறு சிலருக்கு, கம்பெனி வைத்த கேமே தம் ஓட்டத்துக்குப் போதுமென்று தெரியவரும். அவர்களும் நட்டப்பட்டவர் அல்லர்; ஒரு பென்சில் விலையிலே பெருஞ்செலவைத் தவிர்த்தவர்கள்.